ஐந்து கிராம் விமானம்

அமெரிக்காவில் குருளைச் சாரணர் இயக்கத்தில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ‘ஓநாய்’ என்று பெயர். அவர்களுக்கென்று 2015-ல் வந்த பாடத்திட்டத்தில் காற்றைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. பிள்ளைகள் விரும்பித் தேர்ந்தெடுக்கக்கூடிய வேலைகளில் ஒன்று காகித விமானம். அதைச் செய்து ஐந்து முறை பறக்கவிட வேண்டும். பிறகு, இன்னும் கொஞ்சம் தூரம் போகாதா என்று வடிவத்தில் ஏதாவது மாற்றம் செய்து, மறுபடியும் ஐந்து முறையாவது விட்டுப் பார்க்க வேண்டும். செய்த மாற்றம் பலித்ததா என்று பிள்ளையே கண்டு சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அறிவியல் முறையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லித்தர எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை. ஒரு முறை எறிந்துவிட்டு ‘பறக்குது’ என்று கைதட்டி முடித்துக்கொள்ளும் சமாச்சாரம் அல்ல இது. மாற்றத்துக்கு முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து. ஏன் ஒன்று போதாது என்பதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன், ஒரு தாள் பறப்பதே எப்படி என்று பார்த்துவிடலாம்.

குருளையர் கூட்டங்களில் காகித விமானப் போட்டி பழைய வழக்கம். செலவு கிடையாது. ஒரு பள்ளிக்கூட அரங்கமோ தேவாலயக் கூடமோ போதும். தரையில் செல்லோடேப்பால் ஒரு கோடு, அளக்க ஒரு டேப், நேரம் பார்க்க ஒரு ஸ்டாப்வாட்ச். யாருடையது அதிக தூரம் போகிறது, யாருடையது அதிக நேரம் காற்றில் நிற்கிறது, யாருடையது தொங்கவிட்ட வளையத்துக்குள் நுழைகிறது என்று மூன்று விதமாகப் போட்டி வைப்பார்கள். அமெரிக்கக் குருளையரின் பெயர்பெற்ற போட்டி இதுவல்ல. 1953-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய ‘பைன்வுட் டெர்பி’ என்ற மரக்கார் பந்தயம்தான். ஒரு பைன் மரக்கட்டையைச் செதுக்கிக் கார் செய்து சரிவுப் பாதையில் ஓடவிடுவது. அதில் பாதிக் கார்களை அப்பாக்களே செய்துவிடுகிறார்கள் என்பது அங்கே நெடுநாள் கேலி. காகித விமானத்தில் அந்த ஆபத்து குறைவு. அப்பா மடித்துக் கொடுத்தாலும் எறிய வேண்டியது பிள்ளைதான். முதல் எறியிலேயே மடிப்பு கலைந்துவிடும், சரிசெய்ய வேண்டியதும் பிள்ளைதான்.

சாரணர் இயக்கத்துக்கும் பறப்பதற்கும் குடும்ப உறவே உண்டு. இயக்கத்தின் நிறுவனர் ராபர்ட் பேடன்-பவல் சிறுவர்களுக்கான குருளையர் பிரிவைப் பிரிட்டனில் 1916-ல் முறைப்படி தொடங்கினார். கிப்ளிங்கின் காட்டுக் கதைகளிலிருந்து கூட்டத் தலைவனுக்கு அகேலா என்ற பெயரை எடுத்துக்கொண்டார். அவருடைய தம்பி பேடன் பேடன்-பவல் ராணுவ அதிகாரி, பட்டப் பைத்தியம். 1894-ல் ஆளையே தூக்கும் பட்டங்களைச் செய்து காட்டியவர். பிரிட்டனின் வானூர்திக் கழகத்துக்குச் செயலாளராகவும் பின்பு தலைவராகவும் இருந்து, தூங்கிக் கிடந்த அந்தக் கழகத்தைத் தட்டி எழுப்பியவர். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த வானொலிக் குறியைப் பிடித்தாரே, அப்போது அவர் கொண்டுபோயிருந்த பட்டங்கள் இவர் வடிவமைத்த வகையைச் சேர்ந்தவை. ராபர்ட்டின் தங்கை ஆக்னஸும் பலூன் பறத்தலில் தம்பிக்குச் சளைத்தவர் அல்ல. சாரணியர் இயக்கத்தின் முதல் தலைவி அவர்தான். இந்தியாவில் 1950-ல் உருவான பாரத சாரண சாரணியர் இயக்கத்திலும் சிறுவர்களுக்குக் குருளையர், சிறுமிகளுக்குப் புல்புல் என்று அதே மரபு தொடர்கிறது.

இனி தாளுக்கு வருவோம்.

சாதாரண ஏ4 தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம் கனம் கொண்டது. ஏ4 என்பது ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே ஒரு தாளின் எடை சரியாக ஐந்து கிராம். அதை மடிக்காமல் கிடைமட்டமாகப் பிடித்து விட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்: இப்படியும் அப்படியும் அலைந்து, சில சமயம் குட்டிக்கரணம் அடித்து, எங்கோ போய் விழும். மின்காந்தக் கோட்பாட்டுக்குப் புகழ்பெற்ற ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இருபதுகளின் தொடக்கத்தில் இந்த அற்ப விஷயத்தை எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். அது 1854-ல் வெளியானது. ஒரு நீளமான காகிதத் துண்டு விழும்போது ஏன் சுழல்கிறது, சுழன்றுகொண்டே ஏன் ஒரு பக்கமாக நகர்கிறது என்பதுதான் கேள்வி. பெரிய மனிதர்கள் சின்னக் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கிய காலம்.

தாள் குட்டிக்கரணம் அடிப்பதற்குக் காரணம் இரண்டு புள்ளிகள் ஒத்துப்போகாமை. ஒன்று, தாளின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளக்கூடிய நிறை மையம். மடிக்காத தாளில் அது நட்ட நடுவில் இருக்கிறது. இன்னொன்று, காற்று தாளை மேலே தூக்கும் விசை எந்தப் புள்ளியில் செயல்படுகிறதோ அது. தட்டையான ஒரு தகடு சற்றே மூக்கை உயர்த்தியபடி காற்றைக் கிழித்துப் போகும்போது இந்தத் தூக்குவிசை நடுவில் செயல்படுவதில்லை. முன் விளிம்பிலிருந்து ஏறத்தாழ கால் பங்கு தூரத்தில் செயல்படுகிறது. முன்னால் தூக்கு, நடுவில் எடை. மூக்கு மேலே எழும்பாமல் என்ன செய்யும்? எழும்பிய தாள் காற்றுக்கு முழு முகத்தையும் காட்டி நின்றுபோகிறது, பின்பக்கமாகச் சரிகிறது, மறுபடி அதே கதை.

மூக்குப் பக்கம் நாம் இரண்டு மூன்று மடிப்பு மடிப்பது அழகுக்கல்ல. அங்கே தாளை அடுக்கி, நிறை மையத்தை நடுவிலிருந்து முன்னே நகர்த்துகிறோம். எவ்வளவு முன்னே என்பதில்தான் சூட்சுமம். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் லீஃப் ரிஸ்ட்ராஃப் குழுவினர் இதைச் சோதித்து 2022-ல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். தாளின் முன்பக்கத்தில் மெல்லிய செப்பு நாடாவை ஒட்டி, நிறை மையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பறக்கவிட்டார்கள். தகடுகளைத் தண்ணீருக்குள் சறுக்கவிட்டும் துல்லியமாக அளந்தார்கள். எடை நடுவில் இருந்தால் குட்டிக்கரணம். சற்று முன்னே வந்தால் அங்குமிங்கும் அலைச்சல். இன்னும் முன்னே வந்தால் அலைபோல ஏறி இறங்கும் பயணம். சரியான இடத்துக்கு வந்ததும் வழுக்கிக்கொண்டு போகும் நேரான பறத்தல். அதையும் தாண்டினால் தலைகுப்புறப் பாய்ச்சல்.

அவர்கள் கவனித்த இன்னொன்று முக்கியமானது. தட்டையான காகித இறக்கையில் தூக்குவிசை செயல்படும் புள்ளி ஒரே இடத்தில் நிற்பதில்லை. மூக்கு எழும்பினால் அந்தப் புள்ளி பின்னே நகர்கிறது. பின்னால் தூக்கு விழுவதால் மூக்கு தானாகவே இறங்குகிறது. மூக்கு இறங்கினால் புள்ளி முன்னே வந்து மூக்கைத் தூக்கிவிடுகிறது. பெரிய விமானங்களில் தடித்த, வளைந்த இறக்கையில் இந்த நகர்வு இப்படி உதவுவதில்லை. அதனால்தான் அவற்றுக்குத் தனியே வால் இறக்கை வேண்டியிருக்கிறது. வாலே இல்லாத காகித விமானம் நிலைதடுமாறாமல் போவதற்கு அதன் தட்டைத்தன்மையே துணை. குறையென்று நாம் நினைத்தது நிறையாகிவிட்டது.

நம் வகுப்பறைகளில் ‘ராக்கெட்’ என்று வாத்தியார் முதுகுக்குப் பின்னால் விடப்படுகிற கூர்மூக்கு விமானத்துக்கு வேறு கணக்கு. மேலிருந்து பார்த்தால் அது ஒரு முக்கோணம். முக்கோணத் தகட்டின் நிறை மையம் மூக்கு நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருக்கும். இது பத்தாம் வகுப்பு வடிவியல். தூக்குவிசையோ ஏறத்தாழப் பாதித் தூரத்தில் செயல்படுகிறது. ஆக வெறும் முக்கோணம் நேராகப் பறக்காது. தாளின் முன் மூலைகளை உள்ளே மடித்து, மறுபடி மடித்து, நடுவில் தடித்த முதுகெலும்பு ஒன்றை உண்டாக்குவது அந்த எடையை முன்னே இழுக்கத்தான். ராக்கெட் மேலெழும்பித் தொப்பென்று விழுகிறதா? மூக்கு நுனியை அரை அங்குலம் உள்ளே மடக்குங்கள். போட்டி விதி இடம் கொடுத்தால் ஒரு ஜெம் கிளிப் செருகுங்கள். வித்தியாசம் அடுத்த எறியிலேயே தெரியும்.

தூக்குவிசை எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பல புத்தகங்களில் ஒரு தவறான விளக்கம் உலவுகிறது. இறக்கையின் மேற்புறம் வளைந்து நீளமாக இருப்பதால், மேலே போகும் காற்று கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர வேகமாக ஓடுகிறதாம். இரண்டு காற்றும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அந்த விளக்கம் சரியென்றால், மேலும் கீழும் ஒரே நீளம் கொண்ட காகித இறக்கை பறக்கவே கூடாது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி போதும். காகித விமானம் கையில் இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பழைய கதையைச் சொல்லாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்து, குருளையர் போட்டிகளில் அடிக்கடி நடக்கும் ஓர் அநியாயம். கூட்டத்திலேயே பலசாலியான பையன் அகன்ற இறக்கை கொண்ட விமானத்தை ஓங்கி எறிவான். அது நேரே மேலே போய், ஒரு வட்டம் அடித்து, அவன் காலடியிலேயே விழும். பக்கத்தில் ஒரு சிறுமி மெல்லத் தள்ளிவிட்டது கூடத்தின் பாதி வரை போயிருக்கும். அவனுக்கு ஒன்றும் புரியாது. கணக்குப் போட்டால் புரியும்.

ஐந்து கிராம் எடையும், ஏறத்தாழ ஒரு சாணுக்கு ஒரு சாணளவு பயன்படும் இறக்கைப் பரப்பும் உள்ள விமானம் அமைதியாகச் சறுக்கிப் போகும் வேகம் நொடிக்குச் சுமார் 3 மீட்டர். வேகநடைக்கும் ஓட்டத்துக்கும் இடைப்பட்ட வேகம். அந்த வேகத்தில் தூக்குவிசை விமானத்தின் எடைக்குச் சமமாக இருக்கிறது. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளரும். பையன் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் எறிந்தால் வேகம் மூன்று மடங்குக்குச் சற்று மேல். தூக்குவிசையோ பதினோரு மடங்கு. ஐந்து கிராம் விமானத்தை 55 கிராம் விசை மேலே இழுத்தால் அது வட்டமடிக்காமல் வேறென்ன செய்யும்? இன்னும் வேடிக்கை, அந்த வட்டத்தின் அளவு எறிந்த வேகத்தைப் பொறுத்ததல்ல. சறுக்கும் வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் வருகிறது. அதுதான் வட்டத்தின் ஆரம். எவ்வளவு ஓங்கி எறிந்தாலும் அதே ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டம்தான்; சுற்றி முடிக்கும் வேகம் மட்டும் கூடும்.

அப்படியானால் மெல்லத்தான் விட வேண்டுமா? அதிலும் ஒரு வரம்பு இருக்கிறது. நல்ல காகித விமானம் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஐந்து மீட்டர் முன்னே போகும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு வயதுப் பிள்ளையின் கை உயரம் ஒன்றேகால் மீட்டர் என்றால், மெல்ல விட்டது ஆறு மீட்டருக்குச் சற்று மேல் போய்த் தரையைத் தொடும். அதற்கு மேல் போக வேண்டுமானால் முதலில் உயரத்தைச் சம்பாதிக்க வேண்டும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மேல்நோக்கி எறிந்த பொருள், காற்றின் இழுவையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், ஐந்து மீட்டர் உயரம் ஏறும். ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து சறுக்கினால் 25 மீட்டர். ஓங்கி எறியவும் வேண்டும், வட்டமும் அடிக்கக் கூடாது. காகித விமானக் கலை முழுவதும் இந்த முரண்பாட்டுக்குள்தான் அடங்கியிருக்கிறது. இதைத் தீர்க்க உலகத்தில் இரண்டு வழிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்; இரண்டும் இரண்டு சாதனைப் பட்டியல்களாக நிற்கின்றன.

முதல் வழி, தூக்குவிசையை மறந்துவிட்டு ஈட்டிபோல எறிவது. இறக்கை குறுகலாக, உடல் இறுக்கமாக, காற்றின் இழுவை மிகக் குறைவாக இருக்க வேண்டும். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் டில்லன் ரூபிள், காரெட் ஜென்சன், நதானியல் எரிக்சன் என்ற மூவர் அணியின் விமானம் 88.318 மீட்டர் போனது. நூறு மீட்டர் ஓட்டப் பாதையில் பன்னிரண்டு மீட்டர்தான் பாக்கி. ஒலியைவிடப் பலமடங்கு வேகத்தில் பறக்கும் ஆய்வு விமானங்களின் வடிவம்தான் தங்களுக்கு முன்மாதிரி என்றார்கள். அதற்கு எட்டு மாதம் முன்பு தென்கொரியாவின் டேகு நகரில் தென்கொரிய, மலேசிய இளைஞர்களின் அணி 77.134 மீட்டர் எட்டியிருந்தது.

அதற்கும் முந்தைய சாதனைதான் எனக்குப் பிடித்தது. ஜான் காலின்ஸ் தொலைக்காட்சியில் வேலை பார்த்தவர். காகித மடிப்பில் ஊறியவர். ஈட்டி வகை விமானங்களே தூரச் சாதனைகளை வைத்திருந்த காலத்தில், சறுக்கும் வகையாலும் முடியும் என்று பிடிவாதம் பிடித்தார். தன் மனைவி பெயரையே வைத்து ‘சூசன்’ என்ற விமானத்தை உருவாக்கினார். ஆனால் அவரால் அதைப் போதிய வலுவோடு எறிய முடியவில்லை. அமெரிக்கக் கால்பந்தில் பந்து எறியும் ஆட்டக்காரராக இருந்த ஜோ அயூப்பை அழைத்து எறியவைத்தார். 2012 பிப்ரவரியில் 69.14 மீட்டர். அதற்கு முந்தைய 63.19 மீட்டர் சாதனை ஒன்பது வருடம் அசையாமல் இருந்தது. வேகமாகப் போகும்போது நேராகவும், வேகம் குறைந்த பிறகு மிதப்பாகவும் பறக்கும்படி இறக்கையின் வளைவுகளைக் கணக்கிட்டு மடித்ததுதான் காலின்ஸின் திறமை. எறிபவன் வேறு, வடிவமைப்பவன் வேறு என்பது குருளையர் போட்டிக்கும் நல்ல யோசனை: இருவர் இருவராகச் சேர்த்துவிட்டால் பலமில்லாத பிள்ளைக்கும் வெற்றியில் பங்கு உண்டு.

இரண்டாவது வழி, நேரப் போட்டியாளர்களுடையது. ஏறத்தாழச் செங்குத்தாக வானத்தை நோக்கி முழு பலத்தோடு எறிவார்கள். எறியும்போது இறக்கைகள் ஒடுங்கி, உச்சியில் வேகம் தீர்ந்ததும் விமானம் தன்னைத்தானே நிமிர்த்திக்கொண்டு அகன்ற இறக்கையில் மெல்ல மெல்ல இறங்கும். அமெரிக்க வானூர்திப் பொறியாளர் கென் பிளாக்பர்ன் 1998-ல் அட்லாண்டாவின் மூடிய விளையாட்டரங்கில் 27.6 நொடி நிற்கவைத்தார். ஜப்பானின் தகுவோ தோடா 2010-ல் 29.2 நொடிக்குக் கொண்டுபோனார். 15 மீட்டர் உயரத்திலிருந்து அத்தனை நொடி இறங்குவதென்றால், நொடிக்கு அரை மீட்டர்தான் இறங்குகிறது. தோடாவின் ஆசை அதோடு நிற்கவில்லை. விண்வெளி நிலையத்திலிருந்து காகித விமானங்களைப் பூமிக்கு விட வேண்டும் என்று டோக்கியோ பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து 2008-ல் ஒலியைவிட ஏழு மடங்கு வேகமான காற்றுச் சுரங்கத்தில் ஒரு குட்டிக் காகித விமானத்தை வைத்துப் பார்த்தார். சிறப்பாகப் பதப்படுத்திய அந்தத் தாள் எரியாமல் பத்து நொடி தாங்கியது.

குருளையரின் கூடத்தில் 15 மீட்டர் உயரம் இருக்காது. அங்கே கண்ணில் படுவது வேறொரு வியப்பு. பல விமானங்கள் நேராகப் போகாமல், ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும். ஏறும்போது வேகம் குறைகிறது, தூக்குவிசை குறைகிறது, இறங்கத் தொடங்குகிறது. இறங்கும்போது வேகம் கூடுகிறது, தூக்குவிசை கூடுகிறது, ஏறத் தொடங்குகிறது. உயரமும் வேகமும் ஒன்றுக்கொன்று பண்டமாற்று செய்துகொள்கின்றன. இங்கிலாந்தின் பொறியாளர் பிரெடரிக் லான்செஸ்டர் 1890-களில் மாதிரிச் சறுக்கு விமானங்களை விட்டுப் பார்த்து ஆராய்ந்து, 1908-ல் இதற்கான கோட்பாட்டை நூலாக வெளியிட்டார். அவர் கண்டது எளிமையானது: ஓர் ஏற்ற இறக்கத்துக்கு ஆகும் நேரம் வேகத்தை மட்டுமே பொறுத்தது. எடை, இறக்கை அளவு எதுவும் கணக்கில் இல்லை. நொடிக்கு 3 மீட்டர் போகும் காகித விமானத்துக்கு ஒன்றரை நொடிக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் அது நான்கு மீட்டர் முன்னே போயிருக்கும். நொடிக்கு 250 மீட்டர் போகும் பயணிகள் விமானத்துக்கு அந்தக் கணக்குப்படி இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இருவரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள். அரங்கின் சுவரோரம் தரைமட்டத்தில் உட்கார்ந்து பக்கவாட்டில் பார்க்கச் சொன்னால், நான்கு மீட்டருக்கு ஒரு முறை அலை எழுவதைப் பிள்ளைகளே எண்ணிவிடுவார்கள்.

இந்த அலையை அடக்குவது எப்படி? விடும் வேகம் சறுக்கும் வேகத்தோடு ஒத்துப்போனால் அலை பெரும்பாலும் எழாது. எழுந்தால் இறக்கையின் பின்விளிம்பைத் தொட வேண்டும். மூக்கு கனமாக இருக்கும் விமானத்தில் பின்விளிம்பை ஒரு நூலளவு மேலே வளைத்தால், காற்று வாலைக் கீழே அழுத்தி மூக்கைத் தாங்குகிறது. அதிகம் வளைத்தால் அலை, வளைக்காவிட்டால் பாய்ச்சல். 1804-லேயே ஜார்ஜ் கேலி என்ற ஆங்கிலேயர் பட்டம்போன்ற இறக்கையை ஒரு குச்சியில் கட்டி, முன்னே பின்னே நகர்த்தக்கூடிய எடையும் திருப்பக்கூடிய வாலும் வைத்துக் கையால் எறிந்து சோதித்தார். அவர் திருகிப் பார்த்த அதே இரண்டு விஷயங்களைத்தான் இன்றும் எட்டு வயதுப் பிள்ளை திருகிப் பார்க்கிறது.

விமானம் ஒரு பக்கமாகத் திரும்பிச் சுவரில் மோதுவது போட்டிகளில் இன்னொரு பெரிய தொல்லை. தூக்கு, இழுவை எல்லாம் சரியாக இருந்தும் இதனால் தோற்பவர்களே அதிகம். காரணம் பெரும்பாலும் அற்பமானது: ஒரு இறக்கையின் விளிம்பு மற்றதைவிடச் சற்று முறுக்கியிருக்கும். மூக்குக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இறக்கைகள் உடலிலிருந்து சற்று மேல்நோக்கி, ஆங்கில ஒய் எழுத்தின் வடிவில் இருக்க வேண்டும். தொங்கினால் விமானம் புரண்டுவிடும். மேல்நோக்கிய இறக்கையில், ஒரு பக்கம் சாய்ந்து வழுகினால் தாழ்ந்த இறக்கைக்குக் கூடுதல் தூக்கு கிடைத்து விமானம் தானாக நிமிரும். வியர்த்த கையில் வெகுநேரம் வைத்திருந்த தாள் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துபோகும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். நகத்தால் அழுத்திக் கூர்மையாக்கிய மடிப்புதான் பத்து எறிக்குத் தாங்கும்.

இப்போது அந்த ஐந்து எறிகள். ஒரு பிள்ளையின் விமானம் முதல் ஐந்து முறையில் 6, 9, 4, 8, 7 மீட்டர் போனது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 6.8. வாலை வளைத்த பிறகு 8, 7, 10, 5, 9. சராசரி 7.8. ஒரு மீட்டர் கூடியிருக்கிறது. வாலை வளைத்ததால்தானா? உறுதியாகச் சொல்ல முடியாது. எதையுமே மாற்றாமல் எறிந்தபோதே நான்குக்கும் ஒன்பதுக்கும் இடையே ஐந்து மீட்டர் வித்தியாசம் இருந்ததே. கையின் வேகம், விட்ட கோணம், பிடித்த இடம் எல்லாம் எறிக்கு எறி மாறுகின்றன. அந்தக் குலுக்கலுக்குள் ஒரு மீட்டர் முன்னேற்றம் காணாமல்போகும். மாறாக, மாற்றத்துக்குப் பிறகு 11, 12, 10, 12, 11 என்று வந்திருந்தால்? அப்போது பழைய மிகப் பெரிய எறியைவிடப் புதிய மிகச் சிறிய எறியே பெரிது, சந்தேகத்துக்கு இடமில்லை. தூரம் கூடியதோடு எறிகள் ஒன்றுக்கொன்று நெருங்கியும் வந்துவிட்டன. விமானம் நிலைபெற்றுவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. மருந்துகளைச் சோதிப்பவர்களும் விதைகளைச் சோதிப்பவர்களும் நாள் முழுதும் மல்லுக்கட்டும் கேள்வி இதுதான்: கண்ட வித்தியாசம் தற்செயலின் குலுக்கலைவிடப் பெரியதா? அதை ஒரு காகிதத் தாளைவைத்து இரண்டாம் வகுப்பில் சொல்லிவிடலாம்.

இன்னொரு நிபந்தனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. மூக்கை மடக்கி, வாலை வளைத்து, இறக்கையையும் சரித்துவிட்டு, தூரம் கூடியது என்றால் எதனால் கூடியது? பிள்ளைகளுக்கு இது கஷ்டம், பொறுமை இருக்காது. பெரியவர்களுக்கும் இருப்பதில்லை என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

வழக்கமாக நடக்கும் போட்டிகளில் எனக்குள்ள ஒரே குறை, அவை இதற்கு இடம் தருவதில்லை என்பதுதான். ஆளுக்கு ஓர் எறி, அதிகம் போனவருக்குப் பரிசு, கலைந்து போ. ஓர் எறியில் வெல்வது பெரும்பாலும் அதிர்ஷ்டம், கொஞ்சம் புஜபலம். குருளையரின் உறுதிமொழி இயன்றவரை முயல்வதைப் பற்றியது. ஓர் எறியில் எதை முயல்வது?

ஆகவே குருளையர் தலைவர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எல்லோருக்கும் ஒரே கட்டிலிருந்து எடுத்த தாளைக் கொடுங்கள். தூரத்துக்கு ஒரு பரிசு, நேரத்துக்கு ஒரு பரிசு என்று பிரியுங்கள்; இரண்டுக்கும் வேண்டிய விமானம் வேறு வேறு என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். ஆளுக்கு ஐந்து எறி. அதில் நடு எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள், தற்செயலான ஒரு பெரிய எறி வெற்றியைத் தீர்மானிக்காது. பிறகு கால்மணி நேரம் இடைவேளை விட்டு, ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லி, மறுபடி ஐந்து. மூன்றாவதாக ஒரு பரிசும் வையுங்கள்: முதல் ஐந்துக்கும் இரண்டாவது ஐந்துக்கும் இடையே யாருடைய விமானம் அதிகம் முன்னேறியதோ, எதை மாற்றினோம் என்று யார் சரியாக எழுதி வைத்திருக்கிறார்களோ, அவர்களுக்கு. கூடத்தில் மிகப் பெரிய பரிசு அதுவாகவே இருக்கட்டும்.